பகையாளியோட கழுதை

கழுதைன்னான் சார்! நடுரோட்டுல, அத்தனை பேர் பார்க்க! என்னைச் சொல்லலயாம், என் வண்டியத்தான் சொன்னானாம்... அதுல பெரிய வித்தியாசமாம்!

உட்காருங்க, உட்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கண்ணாடித் தூள் கிடக்கும். இப்படி வாங்க. உங்க டேபிள் கண்ணாடியத்தான் கையில எடுத்திருக்கேன். லேட்டுன்னு மூஞ்சியத் தூக்காதீங்க. ஒத்தை ஆளு ரெண்டு கடைய எப்படி சார் பார்ப்பான்? ஆமா, இது என் கடை இல்ல. எதிர்ல நீல போர்டு தெரியுதில்ல, அதுதான் என்னுது. இது என் சகலை கடை. அக்காவ அவன் கட்டினான், தங்கச்சிய நான் கட்டினேன். அந்தப் பாவத்துக்குத்தான் அவன் எடுத்த ஆர்டரை நான் உட்கார்ந்து அறுத்துக்கிட்டிருக்கேன்.

முன்னாடி ரெண்டு பேரும் ஒரே கடைதான். நல்லா ஓடிச்சு. யார் கண்ணு பட்டுச்சோ, ஒரு டீச்சரம்மா ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டு வந்தாங்க. எபிரேய பாஷை படிச்சவங்களாம். பழைய காலத்து எபிரேய வேதத்துல இருக்கிற சட்டதிட்டத்தை எல்லாம் வீட்டுல வெச்சுச் சொல்லிக் கொடுக்கிறாங்களாம். இவன் ஜன்னல் மாட்டப் போனவன், அங்கயே ஒட்டிக்கிட்டான். வாரம் தவறாமப் போறான். ஊர்ல எல்லாரும் சாமி கதை கேட்கப் போவாங்க சார். இவன் சட்டம் கேட்கப் போறான்!

சட்டம்னா... கொலை பண்ணாதே, திருடாதே, அது எனக்கே தெரியும். இது அந்த மாதிரி இல்ல. களத்துல போரடிக்கிற மாட்டுக்கு வாயைக் கட்டாதேங்கிறான். கம்பளியும் லினனும் கலந்து நெய்த துணி போடாதேங்கிறான். செவிடனைத் திட்டாதேங்கிறான். ஏன்டா, அவனுக்குத்தான் காதே கேட்காதே, திட்டினா என்ன கொஞ்சினா என்னன்னு கேட்டேன். "அவனுக்குக் கேட்காது, உனக்குக் கேட்குதில்ல"ங்கிறான்.

அப்புறம், குருடன் நடக்கிற வழியில தடுக்கி விழுற மாதிரி எதையும் வைக்காதேன்னு ஒண்ணு. அதைக் கேட்டுட்டு வந்து, நாங்க போட்டுக் கொடுத்த கண்ணாடிக் கதவுக்கெல்லாம் வீடு வீடாப் போய் ஸ்டிக்கர் ஒட்டினான். கண்ணு தெரிஞ்சவனே முட்டிக்கிறானாம்! சரி, ஒட்டித் தொலைன்னு விட்டேன். புறா ஒண்ணு போர்டுக்குப் பின்னாடி கூடு கட்டிச்சு. லைட் வேற எரியல. ஏறி ரிப்பேர் பண்ணுடான்னா, குஞ்சு மேல தாய் உட்கார்ந்திருந்தா தாயைத் தொடக்கூடாதுன்னு சட்டமாம். புறா பிரசவம் முடியற வரைக்கும் எங்க போர்டு இருட்டுல கிடந்துச்சு சார். சிரிக்கிறீங்க... கூட இருந்து பாருங்க, தெரியும்.

கொஞ்சம் இந்த ஓரத்தைப் பிடிங்க. ம்... அழுத்தாதீங்க, சும்மா கை வெச்சா போதும்.

எங்க விட்டேன்? ஆங், அளவு! பையில ரெண்டு விதமா எடைக்கல் வெச்சிருக்காதே, பெருசு ஒண்ணு சின்னது ஒண்ணுன்னு இருக்கக்கூடாதுன்னு படிச்சிட்டு வந்தான். நம்ம கடையில தராசே கிடையாதே, இது நம்மளைத் தொடாதுன்னு நிம்மதியா இருந்தேன். கண்ணாடிக்குக் கொண்டு வந்துட்டான் சார்! நாலு எம்.எம். கனமுள்ள கண்ணாடிய அஞ்சுன்னு கொடுக்கிறது... அது தொழில்ல நடக்கிறதுதான். எவன் ஸ்கேலை வெச்சுப் பார்க்கப் போறான்? அதுவும், பையில ரெண்டு எடைக்கல் வைக்கிறதும் ஒண்ணாம்! சரி, கோவம்னா மனசோட வெச்சுக்கக் கூடாதா? அதுவும் கூடாதாம். கூடப்பிறந்தவனை மனசுக்குள்ள வெறுக்கக்கூடாது, நேராச் சொல்லிடணும்னு தனிச் சட்டம் இருக்காம். ஷட்டரை இறக்கிட்டு, மெதுவா, தன்மையாத்தான் சொன்னான். நான்தான் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கத்தினேன். தெருவே கூடிடுச்சு. அன்னிக்குப் பிரிஞ்சோம்.

நாங்க பிரிஞ்சா பரவாயில்ல சார், அக்கா தங்கச்சியும்ல பிரிஞ்சாங்க! என் பொண்ணு கல்யாணத்துக்கு இவனை நான் கூப்பிடல. அவன் பொண்டாட்டி மட்டும் வந்தா. பெரியம்மாக்காரி, முன்னாடி நிக்க வேண்டியவ, கடைசி வரிசையில உட்கார்ந்துட்டுப் பச்சைத் தண்ணி குடிக்காமப் போயிட்டா. என் பொண்டாட்டி மணமேடையில நின்னுகிட்டு அக்கா எழுந்து போன அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கிட்டிருந்தா. சரி, விடுங்க.

போன மாசம் மேட்டுரோட்டுல லோடு வண்டியில பெரிய கண்ணாடி ஷீட்டா ஏத்திக்கிட்டுப் போறேன். பின்னாடி கட்டின பட்டை அறுந்துபோச்சு. சக்கரம் பள்ளத்துல இறங்கி வண்டி சாயுது. மொத்த ஷீட்டும் ஸ்டேண்டோட சேர்ந்து என் பக்கம் வருது சார்! இறங்கி ஓடிப் போய் முதுகைக் கொடுத்துட்டேன். கொடுத்தாச்சு... எடுக்க முடியல. எடுத்தா மேல விழும். சுத்தி ஒரே கூட்டம். ஒருத்தன் கிட்ட வரணுமே? போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறானுங்க!

அப்போ இவன் வரான். வண்டியப் போட்டுட்டு வந்து பக்கத்துல தோளைக் கொடுக்கிறான். வருஷக்கணக்காப் பேச்சுவார்த்தை இல்லாதவன்! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்... "உன்னை எவன்டா கூப்பிட்டான், போடா"ன்னேன்.

"உனக்காக வரல. பகையாளியோட கழுதை சுமை தாங்காம விழுந்து கிடந்தா ஒதுங்கிப் போகக்கூடாது. அதுதான் சட்டம்."

"யாரடா கழுதைங்கிற?"

"வண்டிய! மூச்சை அடக்கித் தள்ளு."

அந்த நிலைமையில பேசுற பேச்சா இது? சரி, பாரம் அவன் பக்கம் கொஞ்சம் போகுதே, நம்ம நைசா வெளிய வந்துடலாம்னு காலை எடுத்தேன். கத்தினான் பாருங்க! "கழுதைக்காரனும் கூடச் சேர்ந்து தூக்கணும்னுதான் எழுதியிருக்கு! நீ கையக் கட்டிக்கிட்டு நின்னா நானும் விட்டுட்டுப் போயிடுவேன்!" சட்டத்துல ஓட்டை இருக்கான்னு பார்த்தா, அதையும் அடைச்சு வெச்சிருக்கானுங்க சார் அந்தக் காலத்துலயே!

அதுக்கப்புறம்தான் கூட்டம் வந்து கை வெச்சுச்சு. கயிறு கொண்டு வந்தானுங்க. கட்டுறதுக்குள்ள நடு ஷீட் விரிசல் விட்டு வழுக்குது. நேரா என் கழுத்துக்கு. இவன் உள்ளங்கையால பிடிச்சுட்டான். வெறுங்கையால! ரத்தம் ஒழுகுது, விடமாட்டேங்கிறான். விட்டிருந்தா அவன் கை தப்பிச்சிருக்கும். என் கழுத்து... ம்.

நரம்பு அறுந்துபோச்சு. தைச்சு விட்டிருக்காங்க. வலது கையில ரெண்டு விரல் மடங்கல. கண்ணாடி அறுக்கிறவனுக்கு விரல் மடங்கலேன்னா அவன் என்ன சார் பண்ணுவான்? நான் கேட்கிறேன், சுமைய இறக்குன்னுதானே சட்டம்? கையைக் கொடுன்னா இருக்கு? ஒரு அளவு வேண்டாமா? அளவு அளவுன்னு என் உயிரை எடுத்தவனுக்கு இதுல அளவு தெரியல பாருங்க!

அன்னிக்கே என் பொண்டாட்டி கிளம்பி அக்காவத் தேடிப் போயிட்டா. என்னை ஒரு வார்த்தை கேட்கல. அக்காளும் தங்கச்சியும் ஆஸ்பத்திரி வராண்டாவுல கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. நான் யாரோ மாதிரி பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு நிக்கிறேன். மறுநாள் காலையில நேரா இங்க வந்து ஷட்டரைத் தூக்கினேன். கடையப் பார்த்துக்கன்னு அவன் கேட்டானா? கேட்கல. "இதுக்கெல்லாம் சட்டம் இல்லியே"ன்னான். "வாயை மூடிக்கிட்டுப் படு"ன்னேன். வேற என்ன சொல்றது அவன்கிட்ட?

ஆச்சு சார், ஓரம் தேய்ச்சாச்சு. கை வெச்சுப் பாருங்க, வழுவழுன்னு இருக்கும். அஞ்சு எம்.எம்.தான். அட, அஞ்சுதான் சார்! இந்தாங்க, நீங்களே அளந்து பாருங்க. இந்தக் கடையில உட்கார்ந்துகிட்டு வேற எதைக் கொடுத்துட முடியும்?

என்ன சொல்றீங்க? ஷோகேஸ் தட்டா? எங்க வாங்கினீங்க... நீல போர்டுலயா? என்கிட்டயா? எப்போ?... அஞ்சுன்னு சொல்லியா கொடுத்தேன்? இருக்கும், இருக்கும். அது நல்ல கண்ணாடிதான் சார், சும்மா பொம்மை வைக்க, போட்டோ வைக்க... என்னது? மீன் தொட்டியா? தண்ணியோடவா!

கீழ என்ன இருக்கு சார்? பாயா? யார் படுப்பாங்க அங்க?... பேரன் மல்லாக்கப் படுத்து மீன் பார்ப்பானா?

எழுந்திருங்க சார். போனை எடுங்க! வீட்டுல யார் இருக்கா? குழந்தையத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க. தொட்டியத் தொட வேண்டாம்னு சொல்லுங்க, நான் வந்து இறக்குறேன். ஏன், என்னன்னு அப்புறம் கேளுங்க... முதல்ல போனைப் போடுங்க! புது ஷீட் நான் எடுத்துக்கிறேன், என் கடையிலேர்ந்துதான் வரும். ஷட்டரை இறக்கிடறேன், வாங்க, வாங்க.

சார்... ஒண்ணு மட்டும். இதை அவன்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னீங்க, இது எந்தச் சட்டம்னு ஆரம்பிச்சுடுவான்!