லேப்டாப்புக்கு நெற்றி எது

ஆயுத பூஜை முடிந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, தாம்பரம் ரயில் நிலைய பெஞ்சில் மூன்று பேர் இருந்தோம்: மடியில் லேப்டாப்போடு ஒரு பெண், அவளுடைய தோழி, ஓரத்தில் நான்.

“லேப்டாப்புக்கு நெத்தி எதுடி? உங்கம்மா எங்க பாத்தாலும் பொட்டு வச்சிருக்காங்க,” என்றாள் தோழி.

“சிரிக்காத. பத்து மணிக்கு வேலைக்கு இன்டர்வியூ. ஆன்லைன்ல புரோகிராம் எழுதிக் காட்டணும், போன்ல முடியாது. செங்கல்பட்டு வண்டி பிடிச்சு பொத்தேரி ரூமுக்குப் போறதுக்குள்ள மணி ஆயிடும். உன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டும் வைஃபை வரல.”

மணி ஒன்பது ஐம்பது. நானும் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்தேன்.

“விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் போட்டா இப்படித்தான். வைஃபை டிரைவர் சாஃப்ட்வேர் போயிருக்கும்,” என்றாள் தோழி.

“டிரைவர் நல்லாத்தான் இருக்கு. வைஃபை பிளாக்னு காட்டுது. கமாண்ட் போட்டு பிளாக்கை எடுத்தா உடனே திரும்பவும் பிளாக் ஆகுது.”

“யாரோ பட்டனை அமுக்கிட்டே இருக்கற மாதிரியா?”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். வைஃபையை அணைக்கிற, விமானப் படம் போட்ட பட்டன் அமுங்கியபடியே கிடந்தது. சுற்றிலும் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது.

“உங்கம்மா கீபோர்டையும் விடலையா!”

தோழி தலையிலிருந்த ஹேர்பின்னை உருவிச் சுரண்டினாள். பட்டன் எழும்பியது. வைஃபை வந்தது. சரியாகப் பத்துக்கு இன்டர்வியூ தொடங்கியது.

“உங்க முகம் தெரியலையேம்மா. ஸ்கிரீன் முழுக்கச் செவப்பா இருக்கு,” என்றது லேப்டாப்பிலிருந்து ஓர் ஆண்குரல்.

“நெத்தி கெடச்சிருச்சுடி,” என்று முணுமுணுத்த தோழி, கேமரா மேலிருந்த குங்குமத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள்.

செங்கல்பட்டு வண்டி வந்து நின்றது. அவர்கள் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.