இன்னும் சிவப்புதான்

— செவப்பா, மஞ்சளா? சரியாப் பாத்துச் சொல்லு கஸ்தூரி.

— செவப்புதான்.

— டிவியில ரெண்டு கோடு காட்டும். மேல உள்ளத விட்டுடு. அது கேபிள் மாட்டியிருந்தாலே ஏறி நிக்கும். கீழ உள்ளதுதான் நமக்கு வேணும். அது பச்சயாகணும்.

— கீழதான் பாக்கறேன். செவப்பு.

— போனக் காதுல வெச்சிக்கிட்டு நிக்காதலா. ஸ்பீக்கர்ல போட்டு டிவிகிட்ட வெச்சிடு. நானும் சட்டப் பாக்கெட்ல போட்டுக்கறேன். ஏணியில ஏறி ஒரு கையில போனு, ஒரு கையில ஸ்பேனர்னு நின்னா, எறங்குறப்ப நேரா ஆஸ்பத்திரியிலதான் எறங்கணும்.

— வெச்சிட்டேன்.

— கேக்குதா?

— கேக்குது. கீச்சு கீச்சுன்னு வேற என்னமோ கேக்குது. என்னங்க அது?

— நட்டு. துரு புடிச்சிருக்கு. இந்த டிஷ்ஷ வித்தானே தங்காக்கு ஊர்க்காரன், அவன் வருஷக்கணக்கா மழையிலயே போட்டு வெச்சிருந்தான்லா. கம்பி வலைகூட ரெண்டு எடத்துல பிஞ்சு தொங்குச்சு. நான்தான் கோழிக்கூண்டுக் கம்பிய வெச்சிக் கட்டுனேன்.

— ம்.

— மேக்கால ஒரு நூல் தள்றேன். இப்ப?

— அப்படியேதான் இருக்கு.

— பச்ச வந்துச்சுன்னா ஒடனே ஓகே பட்டன அழுத்து. அதுவே சேனல எல்லாம் தேடி எடுத்துக்கும். தமிழு, மலையாளம், தெலுங்கு எல்லாம் வரும்னான்.

— சரிங்க.

— இப்ப?

— செவப்பு. தூணு நேரா நிக்குதா, பாத்தீங்களா?

— அதெல்லாம் நிக்கும். அன்னாசி போட்ட மண்ணு, பஞ்சு மாதிரி உள்ள வாங்கிடும்னுதான் ரெண்டு டிரம்மு சிமெண்டு ஊத்துனேன். வீடு சாஞ்சாலும் இது சாயாது. போர்க்லிப்ட் ஓட்டறவனுக்கு இது என்னா பெரிய வேல?

— இவ்வளவு பெருசா வேணுமாங்க? நேத்து பக்கத்து வீட்டு மலர் வேலிக்கு அந்தாண்ட நின்னு ஒங்களப் பத்திக் கேக்குது. ஐயாசாமி அண்ணன் என்னா, வீட்டுப் பின்னால கோபுரம் கட்டறாங்களான்னு.

— நீ என்ன சொன்ன?

— துணிய எடுத்துக்கிட்டு உள்ள வந்துட்டேன்.

— சின்னத் தட்டுன்னா கம்பெனிக்காரன்கிட்ட போய் நிக்கணும். இதுக்கு யாரும் வேணாம். யார் பேரும் கேக்க மாட்டான். வானத்துல வர்றதப் புடிச்சிக்க வேண்டியதுதான்.

— பழைய தட்டு நல்லாத்தானே ஓடுச்சு.

— அது அவன் பேர்ல இருந்துச்சு.

— தெரியும்.

— பணம் கட்டாததுனால கம்பெனிக்காரன் வெட்டிட்டான். நான் கவுண்டர் வரைக்கும் போனேன், ஒனக்குச் சொல்லல. மலாய்க்காரப் பொண்ணு, மாமான்னு மொற வெச்சி நல்லபடியாத்தான் பேசுச்சு. பாக்சிக், இது ஒங்க மகன் யுகேந்திரன் பேர்ல இருக்கு, அவரு நேர்ல வந்தா போதும், ரெண்டு நிமிஷ வேலன்னுச்சு.

— அப்புறம்?

— ஓகே லா, அவனக் கூட்டிக்கிட்டு வரேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

— என்னன்னு சொன்னீங்க?

— கூட்டிக்கிட்டு வரேன்னு. அதுவும் சிரிச்சிக்கிட்டே தலையாட்டுச்சு. காருக்கு வந்து உக்காந்தேன். ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிட்டு எவ்வளவு நேரம் உக்காந்திருந்தேன்னு தெரியல. அழுகையும் வரல. பசிதான் எடுத்துச்சு. ரொட்டி சாப்பிட்டுட்டு வந்தேன்.

— ம்.

— இப்ப என்ன காட்டுது?

— செவப்புதான்.

— கெழக்கால வெச்சிப் பாக்கறேன். ரம்புத்தான் கெள மறைக்குதான்னு பாத்தேன், அதுவும் இல்ல. இப்ப?

— இல்லங்க. எத்தன கேபிள் இழுத்திருக்கீங்க?

— மூணு. இங்க ஒரு பொட்டி மாட்டியிருக்கேன், அதுலேருந்து மூணாப் பிரியும். ஒன்னு ஹாலுக்கு, ஒனக்கு. ஒன்னு பின்னறைக்கு, எனக்கு. நீ பாட்டுக்கு நாடகம் பாரு, நான் பாட்டுக்கு நியூஸ் பாத்துக்கறேன். ரிமோட்டுக்குச் சண்ட வராது.

— நாம சண்ட போட்டே ரொம்ப நாளாச்சுங்க.

— அதுவும் சரிதான்.

— மூணாவது?

— எது?

— மூணாவது கேபிள். எந்த ரூமுக்குப் போவுது?

— கடைக்காரன் எத்தன பாக்ஸு வேணும்னு கேட்டான். வாய் தானா மூணுன்னுருச்சு. வெளிய வந்த பெறகுதான் ஒறைச்சது. திருப்பிக் குடுக்கலாம்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். கேபிள் இழுக்கறப்ப கை பாட்டுக்கு அவன் ஜன்னல் வழியா விட்டுருச்சு. அந்தக் கதவத்தான் தொறக்கறதே இல்ல, ஜன்னல் கொக்கி மட்டும் போடாம கெடக்கு. சுருட்டி மேச மேலயே கெடக்கட்டும்னு விட்டுட்டேன்.

— நான் இன்னும் மூணு பேருக்குத்தான் அரிசி களையறேன். மிஞ்சுனத கோழிக்குப் போட்டுடறேன்.

— தெரியும். கோழி நடக்க முடியாம நடக்குதே.

— ஏங்க.

— ம்.

— நீங்க பின்னால படியில உக்காந்து சாப்பிடறீங்க. நான் ஹால்ல உக்காந்து சாப்பிடறேன். இனிமே ஆளுக்கொரு பாக்ஸ் வேற.

— வீட்டுல ஏதாச்சும் சத்தம் வேணும்ல கஸ்தூரி. காலையில எந்திரிச்சா ஐஸ்பொட்டி ஓடற சத்தந்தான் கேக்குது.

— ரெண்டு ரூம்ல ரெண்டு சத்தம் கேக்கும். நீங்க அந்தக் கதவ மூடிக்குவீங்க, நான் இந்தக் கதவ மூடிக்குவேன். அப்புறம் சாப்பிட வாங்கன்னு கூப்பிடறதுக்கும் எனக்கு வேல இருக்காது.

— இப்ப என்ன கலரு?

— செவப்பு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறப்ப பாலத்து ரோட்டுல அவன் மோட்டார் சைக்கிள் விழுந்துச்சே, அன்னிக்குலேருந்து நீங்க எங்கிட்ட இவ்வளவு பேசி நான் பாக்கல. உப்பு இருக்கா, கரண்டு பில்லு வந்துச்சா, அவ்வளவுதான்.

— பேச என்ன இருக்கு?

— ஒன்னுமில்ல. சொன்னேன்.

— அங்க யாரு பேசறது?

— எங்க?

— ஒனக்குப் பின்னால. பொம்பளக் கொரலு. பாட்டுகூட கேட்டுச்சு.

— மலர் வீட்டு ரேடியோங்க.

— மலரு காலையிலேயே தெப்ராவுக்கு மக வீட்டுக்குப் போயிருச்சே. நான்தான வாசக் கேட்ட மூடிவிட்டேன்.

— ரேடியோவ மூடாமப் போயிருக்கும்.

— இருக்கும்.

— தள்ளுங்க, பாப்போம்.

— எந்தப் பக்கம்?

— மேக்கால. முன்ன தள்ளுனீங்களே, அந்தப் பக்கம்.

— தள்ளிட்டேன். என்ன சொல்லுது?

— மஞ்ச வந்துச்சு. இருங்க. போயிருச்சு. செவப்பு.

— வந்துட்டுப் போயிருச்சா?

— ஆமா.

— அடடா, அலமாக். தானாவா?

— நீங்க தள்ளுனதுல போயிருக்கும்.

— அப்படித்தான் இருக்கும்.

— இருட்டிக்கிட்டு வருதுங்க. மழ புடிச்சிக்கும். எறங்கி வாங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்.

— நாளைக்குன்னா மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்.

— ஆரம்பிப்போம்.

— நாளைக்கும் இதே மாதிரி நீ உள்ள நிக்கணும். நான் கேக்கக் கேக்க சொல்லிக்கிட்டே இருக்கணும்.

— நிக்கறேன். எனக்கு வேற என்ன வேல?

— கஸ்தூரி.

— சொல்லுங்க.

— கீச்சு கீச்சுன்னு கேக்குதுன்னியே, அது துரு இல்ல. தங்காக்குக்காரன் குடுத்த சின்ன மீட்டரு. சிக்னல் கெடச்சாத்தான் கத்தும். நான் ஒனக்குப் போன் பண்றதுக்கு முந்தியே கத்த ஆரம்பிச்சிருச்சு.

— ம்.

— போல்ட்டெல்லாம் அப்பவே முறுக்கிட்டேன். மேக்கால தள்றேன், கெழக்கால தள்றேன்னு சொன்னதெல்லாம் சும்மா. தூணப் புடிச்சிக்கிட்டு நிக்கறேன், அவ்வளவுதான்.

— தெரியும்ங்க. நீங்க தள்றேன்னு சொன்னப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பச்சக் கோடும் எறங்கல, படமும் ஒரு தடவகூட ஆடல.