துவக்கில் யாரும் தொடாத திருகு

பிள்ளைகளே, நிலவறையில் நிற்கும் உங்கள் அக்காவின் சைக்கிளில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. அதை அழித்துவிடாதீர்கள். ஒஸ்லோவில் நம் வீடு இருக்கும் ட்வெய்ட்டாவுக்கு வரும் ரயிலில் ஒருநாள் கேட்ட பேச்சுத்தான் அதற்குக் காரணம்.

எனக்கு எதிரே இரண்டு தமிழர்கள் இருந்தார்கள். மூத்தவரின் மடியில் வேட்டைத் துப்பாக்கி வைக்கும் நீளமான துவக்குப் பை. நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவராம்.

"இந்தத் துவக்கு ஒஸ்லோவுக்கு வந்தாப்பிறகு என்ரை சொல்லுக் கேக்குதில்லை," என்றார் அவர்.

"அந்தக் கொம்பனிச் சாமான் அப்பிடித்தான் அண்ணை. மழை பட்டா மரப்பிடி ஊதிக் குழலைத் தள்ளும். என்ரையைப் பாருங்கோ, பிளாஸ்டிக் பிடி."

"போடா, உன்ரை விளையாட்டுத் துவக்கு! அங்கை இதாலை பத்து வருஷமா ஒரு குறி தப்பேல்லை."

"அப்ப மேலை பூட்டியிருக்கிற தொலைநோக்கிதான் விலகியிருக்கு. திருகைக் கொஞ்சம் திருப்புங்கோ. சனிக்கிழமை வேட்டைக்காரருக்கு வைக்கிற சூட்டுச் சோதனையிலை அஞ்சு வெடியும் வட்டத்துக்கை விழாட்டி, இந்த வருஷம் உங்களுக்கு வேட்டை இல்லை."

"அது என்னோடை வேட்டைக்கு வந்த ஆர்னே பூட்டித் தந்தது. அவன் செத்தாப்பிறகு ஒருத்தரையும் தொட விடேல்லை."

இளையவர் மெதுவாகச் சொன்னார்: "திருகு இப்ப நிக்கிற இடத்திலை ஒரு கோடு போடுங்கோ அண்ணை. வேணுமெண்டா திரும்ப அங்கையே கொண்டு வரலாம்."

மூத்தவர் பையைத் தடவிக்கொண்டே இருந்தார். ட்வெய்ட்டா வந்தபோது, "பேனை வைச்சிருக்கிறியோ?" என்று கேட்டார்.

அக்கா படிக்க ட்ரொண்ட்ஹெய்முக்குப் போன நாள்முதல் அந்தச் சைக்கிளின் இருக்கை அவளுடைய உயரத்திலேயே நின்றது. அன்று தனியாக நிலவறைக்கு இறங்கினேன். இருக்கைக் குழாயில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டேன். பிறகு இருக்கையை என் உயரத்துக்கு ஏற்றினேன்.