கார் முதலாளி

பரந்தனிலிருந்து மாங்குளம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவா திடீரென்று கேட்டா:

"எங்களிட்டை எங்கையப்பா கார் இருக்கு?"

அவர் திரும்பிப் பின் சீற்றை ஒருமுறை பார்த்தார்.

"உழவு மிசினுக்கு எஞ்சின் எண்ணெய் வாங்கப்போய், காருக்கு எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"கடையில பெரிய ஆக்கள் நிண்டவை. காருக்கோ எண்டு கடைக்காரன் கேட்டான். ஓம் எண்டிட்டன்."

"பிறகெண்டாலும் மாத்திச் சொல்லியிருக்கலாமே?"

"எப்பிடிச் சொல்லுறது? போற நேரமெல்லாம் 'வாங்கோ கார் முதலாளி' எண்டு இருக்கக் கதிரையெல்லோ தாறவன்."

"அது பெற்றோல் காருக்கு விடுற எண்ணெயாம். டீசல் மிசினுக்கு ஆகாதாம். எஞ்சின் இறுகிப்போச்சு, இனிச் சரிவராதெண்டு மெக்கானிக் சொல்லிப்போட்டான். விதைப்பு மழையும் வந்திட்டுது. என்ர நகையையும் உழவு மாட்டையும் வித்து வாங்கின மிசினப்பா."

"மெல்லக் கதை. சனம் கேக்குது."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மாங்குளத்தில் இறங்கும்போது அவா சொன்னா: "எங்கட மாட்டை வாங்கினவரிட்டையே போய் உழவுக்கு மாடு கேப்பம். நான் கேக்கிறன். நீங்கள் படலைக்கு வெளியில நில்லுங்கோ, கார் முதலாளி."