பூனைக்கு இரண்டு வரி

மச்சான், திருகாணி கழற்ற வீட்டில் நல்ல திருப்புளி ஒன்று இருந்தால் பாதிச் சண்டை வராது என்பது என் அபிப்பிராயம். நடந்ததை அங்கே வந்திருக்கும் உங்கள் தங்கை அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். அழுகையில் வரிசை தப்பிவிடும். நான் வரிசையாக எழுதுகிறேன்.

லேப்டாப்பை வெறுங்கூடாக வாங்கினேன். திரை, விசைப்பலகை, பேட்டரி உண்டு. நினைவகமான ராமும், கோப்புகள் தங்கும் எஸ்எஸ்டியும் நாமே போட்டுக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பிரித்ததும் அவள் எட்டிப் பார்த்தாள்.

"உள்ள ஒண்ணுமே இல்லையாங்க? உங்களுக்குப் பொருத்தமாத்தான் வாங்கியிருக்கீங்க."

நானும் சிரித்தேன். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நானில்லை.

பாகங்களைக் கடையில் வாங்குவது வீண். அவளுடைய லேப்டாப்பில் இரண்டும் புதிதாகவே இருந்தன, நான் போட்டுக்கொடுத்தவைதாம். அவள் கல்லூரிக்குப் போயிருந்தபோது கழற்றி என்னுடையதில் பொருத்தினேன். ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை.

எஸ்எஸ்டியில் உள்ளதை அழித்துத் துடைத்தால்தான் புது விண்டோஸ் நிம்மதியாக உட்காரும். அதில் அவளுடைய ஆய்வேடு இருந்தது. பல வருட உழைப்பு, மறுவாரம் சமர்ப்பிக்க வேண்டியது. நகல் இருக்கிறதா என்று பொறுப்பாகத் தேடினேன். இழுப்பறையில் ஒரு பென் டிரைவில் இருந்தது. இணையத்தில் ஏற்றிவைக்க அவளுக்குப் பயம்; எவனாவது திருடிவிடுவானாம்.

அதைத் திறந்து நன்றியுரையை மட்டும் படித்தேன். ஆய்வு நெறியாளர், நூலகர், டீக்கடைக்காரர், நீங்கள். காலடியில் கிடந்து துணையிருந்ததாம் என்று பூனைக்கு இரண்டு வரி. ராம் போட்டவனுக்கு ஒரு காற்புள்ளிகூட இல்லை. இதைத் தயவுசெய்து கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

விண்டோஸ் ஏற்ற ஒரு பென் டிரைவ் வேண்டும். அதையும் துடைத்துத்தான் ஏற்ற வேண்டும். என்னிடம் வேறு இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அவளுடையது வேகம் அதிகம்.

மாலையில் வந்தவள் இழுப்பறையைத் திறந்தாள்.

"பென் டிரைவ் எங்கங்க?"

"உபயோகத்துல இருக்கு."

அது என் லேப்டாப்பில் செருகியிருப்பதையும் திரையில் விண்டோஸ் ஏறிக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். நன்றியுரையில் பூனைக்குக்கூட இடம் இருந்ததை நான் எடுத்துச் சொன்னேன்.

"முதல் பக்கத்தையே உங்களுக்குத்தானே சமர்ப்பணம் பண்ணியிருந்தேன். அதைப் பாக்கலையா?"

இருக்கலாம், மச்சான். நான் முதல் பக்கம் பார்க்கவில்லை. சரிபார்க்க இப்போது கோப்பும் இல்லை. ஆதாரமில்லாத பேச்சை நான் எப்படி நம்புவது?

கட்டிய வீட்டுக்குப் பழுது சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். லேப்டாப் என்னவோ அருமையாக ஓடுகிறது. அவளுடைய லேப்டாப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இப்போது அதுவும் வெறுங்கூடு. தனக்குப் பிடித்ததை அவளே வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும். சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள். நான் நன்றியெல்லாம் எதிர்பார்ப்பவனில்லை.