பழம் வைத்த வண்டியின் ஸ்டீயரிங்

மத்தியானம் மூன்று மணி. நோணாங்குப்பம் படகுத் துறையைத் தாண்டி, ஆற்றை ஒட்டிப் போகும் ரோடு... ஈ காக்கா இல்லை. பேய் வர ராத்திரிதான் வேண்டும் என்று எவன் சொன்னது?

வெற்றிச்செல்வா, போனை அணை. சிரிப்பதென்றால் எழுந்து போ.

இது நம் பாலகுருவின் அக்கா புருஷன் அய்யப்பனுக்கு நடந்தது. மூலக்குளத்தில் கார் மெக்கானிக். வேலை சுத்தம், வாய்தான் மோசம். அவனிடம் ஸாகிப் என்பவன் ஒரு பழைய காரைக் கொண்டுவந்தான். வேகம் எண்பதைத் தொட்டால் போதும், ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடுகிறது. ஸாகிப்பின் மனைவி அரீபாவுக்கு நிறைமாதம். வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த ஒரு வண்டிதான்.

"அண்ணே, இன்னைக்கே முடிச்சிக் குடுங்க. அவ உக்காந்து போற வண்டி."

"முடிச்சிடலாம் பாய். சும்மா நச்சரிக்காத."

முன் சக்கரங்களுக்கு பேலன்ஸ் பார்த்தான். சரியாக இருந்தது. பின் சக்கரங்களை முன்னால் மாட்டிப் பார்த்தான். அப்போதும் ஆட்டம். பிரேக் மிதித்தால் ஆட்டம் கூடவில்லை, ஆகவே கோளாறு பிரேக்கிலும் இல்லை. கடைசியில் ஜாக்கியில் ஏற்றினான். ஸாகிப் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, இவன் அடியில் படுத்துக் கையை வைத்துப் பார்த்தான். டொக்... டொக்... ராக் தேய்ந்திருந்தது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரத்தைத் தள்ளுகிற நீள இரும்பு இருக்கிறதே, அதுதான்.

அன்று ஆயுத பூஜைக்கு மறுநாள். ஸ்பேர் கடை எல்லாம் சாத்தியிருந்தது. காயலான் கடை தாஜுதீன் பாய்க்குப் போன் போட்டான். "நான் வெளிய இருக்கேம்பா, வேணுங்கறத எடுத்துக்கோ" என்றார்.

போய்ப் பார்த்தால், அதே மாடல் வண்டி ஒன்று கடை மூலையில் நசுங்கிக் கிடந்தது. டிரைவர் சீட்டில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். ஊரில் சைக்கிள் வரைக்கும் பொட்டு வைத்திருக்கிற நாள். பூஜைப் பழம் என்று நினைத்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். பழத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ராக்கைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

மாட்டியதும் ஸாகிப்பைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த ரோட்டுக்குப் போனான். எண்பது... தொண்ணூறு... ஆட்டம் துளிகூட இல்லை. அய்யப்பன் விசில் அடித்தான். அப்போது ஒரு வாடை. பச்சை ரத்தக் கவுச்சி. மூக்கைப் பொத்த இடது கையை எடுத்தான்...

ஸ்டீயரிங் படாரென்று இடப்பக்கம் திரும்பியது. வலது கட்டைவிரல் அதில் மாட்டி மளுக்கென்று ஒடிந்தது. வண்டி பனைமரத்தை உரசி நின்றது. அய்யப்பன் ஸாகிப்பின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"எதுக்குடா புடிச்சி இழுத்த?"

"அல்லா மேல ஆணையா நான் தொடலண்ணே!"

உதடு கிழிந்து ரத்தம் ஒழுக அழுதான் ஸாகிப். அய்யப்பன் முனகிக்கொண்டே அங்கேயே ஜாக்கி வைத்து அடியில் புகுந்தான். "ஏறி உக்காந்து ஆட்டு."

மேலே சீட் கிறீச்சிட்டது. ராக் இடப்பக்கம் போனது... வலப்பக்கம் வந்தது.

"போதும்."

நிற்கவில்லை.

"போதும்டா!"

வேகமாக ஆடியது. அப்போதுதான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஸாகிப்பின் குரல் கேட்டது. அவன் செருப்புக் கால்கள் அங்கே தெரிந்தன. போனில் பேசிக்கொண்டிருந்தான்... அப்படியென்றால் உள்ளே?

இழுப்பதற்குள் வலது கை இரும்புக்கு நடுவே சிக்கியது. நறநறவென்று எலும்பு நொறுங்கியது. பிய்த்துக்கொண்டு வெளியே வந்தபோது இரண்டு விரல் உள்ளேயே இருந்தன. சீட்டில் ஒருவரும் இல்லை.

ஸாகிப் ஓடி வந்தான். "அரீபாவுக்கு வலி வந்திடுச்சி! வண்டிய எறக்குங்க!"

"இதுல அவள ஏத்தாத! செத்துடுவா!"

ஸாகிப் கேட்கவில்லை. கதவைத் திறக்கப் போனவனின் சட்டையைப் பிடித்து அய்யப்பன் இழுத்தான். அவன் திரும்பி வயிற்றில் உதைத்தான். கீழே விழுந்த அய்யப்பன் இடது கையால் சுத்தியலை எடுத்து, மறுபடி வண்டியடியில் புகுந்து ராக்கின் மேல் அடித்தான். உள்ளே ஒரு குரல் வீறிட்டது. மறுபடி அடித்தான். இப்போது இரண்டு குரல்... ஆணும் பெண்ணும். ஸாகிப் அப்படியே நின்றுவிட்டான். ராக் இரண்டாகப் பிளக்கும் வரை அய்யப்பன் விடவில்லை.

ஓய்ந்தபோது போன் அடித்தது. தாஜுதீன் பாய்.

"அய்யப்பா... புருஷனும் பொண்டாட்டியும் நசுங்கிச் செத்த அந்த மூலை வண்டியில, ஆவி வெளிய வராம கிரேன்காரங்க பழம் வெச்சிட்டுப் போனாங்களே. அத யாருப்பா எடுத்தது?"

அய்யப்பன் போனைக் கட் பண்ணினான்.

அரீபாவைப் பக்கத்து வீட்டார் ஆட்டோவில் கொண்டுபோனார்கள். நல்லபடியாக ஆண் குழந்தை. அப்பாடா என்று இருந்ததாம் அய்யப்பனுக்கு. மறுநாள் கட்டுப் போட்ட கையோடு வார்டில் படுத்திருந்தவனைப் பார்க்க ஸாகிப் வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"பாய், கொழந்த எப்பிடி இருக்குது?"

"அழவே மாட்டேங்கறாண்ணே. ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி இறுக்கி மூடிக்கறான். அப்பறம் இப்பிடி..."

ஸாகிப் காற்றில் செய்து காட்டினான். இடப்பக்கம்... வலப்பக்கம்...

"புடிச்சி நிறுத்தினீங்களா?"

"நானும் நர்ஸும் சேந்துதாண்ணே புடிச்சோம்." அவன் தன் வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. "ஒடச்சிட்டான்."