எண் எங்களுடையது, சொல் உங்களுடையது

காக்களூர் அருணோதயா வால்வுத் தொழிற்சாலையின் ஆய்வுப் பிரிவு மேற்பார்வையாளர் திரு. முனிகிருஷ்ணன் அவர்களின் பணி நிறைவு விழாவில், உடன் உழைத்தோர் வாசித்து வழங்கும் பாராட்டு மடல்

மதிப்பும் மாண்பும் மிக்க முனிகிருஷ்ணன் ஐயா அவர்களே!

மயிரிழைப் பிசகையும் மன்னிக்காத கண்ணே! அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று சிரிக்கும் மனமே! பித்தளையை அளந்தவரே, எங்கள் பேச்சை அளக்காமல் விட்டவரே! கடல் கடந்த கதைகளில் புயலிலும் திசைகாட்டியை விட்டுக் கண்ணெடுக்காத மாலுமியைப் படித்திருக்கிறோம். கடலில்லாத காக்களூரில் அவரைக் கண்ணாலேயே கண்டோம்! வணக்கம், ஐயா, வணக்கம்!

இன்று தாங்கள் கஞ்சி போட்ட வேட்டியும் சரிகை அங்கவஸ்திரமுமாக, அருகில் பச்சையம்மா அம்மையாருடன் அமர்ந்திருக்கும் காட்சியை ஆங்கிலேயர் பார்த்தால் 'ட்ரெஸ்ட் அப் டு தி நைன்ஸ்' என்பார்கள். ஒன்பது வரைக்கும் உடுத்தியவர் என்பது நேர்ப்பொருள். ஒரு குறையும் வைக்காமல் சிங்காரித்துக்கொண்டவர் என்பது உட்பொருள். ஒன்பது எதற்கு, எட்டு போதாதா என்று நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டவர்களுக்குத் தாங்கள் சொன்ன பதில் நினைவிருக்கிறது: "கேஜுல இருக்கற நம்பரத்தான் அளக்கணும். வாயில வர்ற நம்பர அனுபவிக்கணும்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில், ஒரே ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையாக இருந்த இத்தொழிற்சாலையில் தாங்கள் காலடி வைத்தீர்கள். அளவு பார்க்கும் கேஜுகள் அப்போது இங்கிலாந்திலிருந்து மரப்பெட்டிகளில் வரும். உடையாமல் இருக்கப் பழைய ஆங்கிலச் செய்தித்தாளைச் சுற்றி அனுப்புவார்கள். மற்றவர்கள் கேஜை எடுத்துக்கொண்டு காகிதத்தைக் கேண்டீன் அடுப்புக்குக் கொடுத்தார்கள். தாங்கள் காகிதத்தைக் கையால் நீவி, மடிப்பெடுத்து, மதிய இடைவேளையில் படித்தீர்கள். அதில்தான் அந்த விந்தையைக் கண்டுபிடித்தீர்கள். எண்ணுக்கே உயிரைக் கொடுக்கும் அந்த ஆங்கிலேயர்கள், பேசும்போது மட்டும் எண்ணைக் காற்றில் பறக்க விடுகிறார்கள்! நாற்பது இமைப்பு என்பார்கள், யாரும் இமையை எண்ணுவதில்லை. அளவில்லாத ஆனந்தத்தை ஒன்பதாம் மேகம் என்பார்கள், எட்டாம் மேகத்தைக் கண்டவர் இல்லை.

அன்று தொடங்கிய வழக்கம் இன்று வரை நிற்கிறது. நம் பிரிவின் வாசலில் 'இன்றைய நிலை' என்ற தலைப்போடு ஒரு கரும்பலகை. அதில் நூற்றுக்கு எத்தனை ரிஜெக்ட் என்ற எண் பெரிதாக இருக்கும். லேத் ஓட்டுபவர் முதல் லாரியில் சரக்கேற்றுபவர் வரை எல்லாரும் பார்க்கலாம். அதன் கீழே, எண் கலந்த ஓர் ஆங்கில வழக்கு. அர்த்தத்தைச் சொல்லி விடுவீர்கள். ஆனால் அழிக்க விட மாட்டீர்கள். "அர்த்தம் தெரிஞ்சா போதாது. நம்ம ஊர்ல யாராவது அத செய்யணும், அத நீங்க கண்ணால பாத்துட்டு வந்து சொல்லணும்" என்பது தங்கள் சட்டம். பார்த்து வந்து சொன்னவர் கையில் டஸ்டர் கிடைக்கும். அழிக்கும் பெருமை அவருக்கே!

அடடா, என்ன வேட்டை அது! 'ஃபார்ட்டி விங்க்ஸ்' என்றால் பகலில் போடும் குட்டித் தூக்கம். அதைக் கண்டுபிடிக்க வாசல் காவலர் மோசஸ் அண்ணனின் கூண்டைத் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை. "நான் கண்ண மூடி யோசிச்சிக்கினு இருந்தேம்ப்பா" என்று அவர் இன்றைக்கும் வழக்காடுகிறார். 'நைன் டேஸ் வொண்டர்' என்றால் நாலு நாள் ஊரெல்லாம் பேசி, அப்புறம் ஒருவரும் சீண்டாத அதிசயம். நம் கேண்டீன் சாம்பாரில் முருங்கைக்காய் விழுந்ததே, அதுதான். 'பேக்கர்ஸ் டஸன்' வந்தபோது பெரிய சண்டை. ரொட்டிக்காரன் டஜனில் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று இருக்கும் என்றீர்கள். ஏமாற்றுகிற வெள்ளைக்காரன் எதற்கு ஒன்று கூடக் கொடுக்கிறான் என்று பாதிப் பேர் நம்பவில்லை. வாசலில் இட்லி விற்கும் முத்தம்மா வந்து தீர்ப்புச் சொன்னார்: "இது இன்னாடா பெரிய இங்கிலீசு? கொசுறு! நான் தெனம் வெக்கறது!" அன்று டஸ்டர் அவருக்குப் போயிற்று.

'அட் தி லெவன்த் அவர்' என்றால் கடைசி நேரத்தில் என்று பொருள். மேரி மட்டும் அதற்கு வெளியே போய்த் தேடவில்லை. பைபிளில் நாளெல்லாம் கூப்பிடுவாரில்லாமல் நின்று, பதினோராம் மணி என்னும் சாயங்கால வேளையில் வேலை கிடைத்த கூலிக்காரர்களைப் பற்றி ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் கேட்டதைச் சொல்லி, "எங்கள மாதிரி வாசல்ல நிக்கிறவங்களுக்கு அதெல்லாம் தெரியும் சார்" என்றார். தாங்கள் அன்று சிரிக்கவில்லை. அவர் கையில் டஸ்டரைக் கொடுத்துவிட்டு நெடுநேரம் அவர் அழிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஏனென்றால் மேரியும் கங்கம்மாவும் இன்னும் பலரும் அப்போது தற்காலிகப் பணியாளர்கள். காலையில் வாசலில் நின்று, கூப்பிட்டால் உள்ளே வருபவர்கள். இரண்டாம் ஷிப்ட் வந்தால் நிரந்தரம், வராவிட்டால் வீடு.

இரண்டாம் ஷிப்ட் வருவதும் வராததும் ஒரே ஒரு ஏற்றுமதி ஆர்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தருவதா வேண்டாமா என்று பார்க்க, எழுபத்திரண்டில் இங்கிலாந்திலிருந்து கொள்முதல் அதிகாரி ஒருவர் வந்தார். அந்த நாளைச் சொல்லாமல் இம்மடல் நிறைவு பெறாது! இன்று விழாவுக்குத் தலைமை தாங்கும் மேலாளர் திரு. சுப்பராயன் அவர்களிடம் அனுமதி கேட்டோம். "சொல்லுங்க, ஒண்ணும் விட்டுடாதீங்க" என்று பெருந்தன்மையோடு சிரித்தார்கள். ஆகவே விடாமல் சொல்கிறோம்.

அன்று காலை பலகையில் இருந்த எண் பதினொன்று. வழக்கமாக மூன்றைத் தாண்டாத எண்! முந்தின நாள் வந்த பித்தளைக் கம்பி சரியில்லை. அதன் கீழே இருந்த வழக்கோ 'அட் சிக்ஸஸ் அண்ட் செவன்ஸ்'. எது எங்கே என்று யாருக்கும் தெரியாமல் எல்லாம் தாறுமாறாகக் கிடப்பது என்று பொருள். திங்கட்கிழமையிலிருந்து அது பலகையில் கிடந்தது. தங்கள் பிரிவில் அதற்கு உதாரணம் அகப்படவில்லை என்பதை நாங்கள் இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மேலாளர் ஓடி வந்தார். "முனிகிருஷ்ணன், அவன் இங்கிலீஷ்காரன்யா! 'இன்றைய நிலை'ன்னு போட்டு, பதினொண்ணுன்னு எழுதி, கீழ சிக்ஸஸ் அண்ட் செவன்ஸா? அழிங்க மொதல்ல. நம்பர மூணாக்குங்க."

"சட்டம் மாறாது சார். உதாரணம் வந்தா கீழ இருக்கறது போவும். நாளைக்கு வேற நம்பர் வந்தா மேல இருக்கறது போவும்."

மேலாளரைக்கூடத் தாங்கி விடலாம். கங்கம்மாவைத் தாங்க முடியுமா? கையிலிருந்த கேஜை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"இன்னா நைனா, ஒரு நம்பருக்காவ எங்க ஊட்டு அடுப்ப அணைச்சுடுவ போலக்கீதே? பதினொண்ண மூணுன்னு எழுதிட்டா உன் சாக்பீஸு தேஞ்சிடுமா?"

"மூணுன்னு எழுதினா அந்த எட்டையும் நல்ல பொட்டியில போட்டாவணும் கங்கம்மா. அது கப்பலேறிப் போயி நம்ம பேர கெடுத்துட்டுத் திரும்பி வரும். அப்புறம் ஒரு ஷிப்ட்டும் இருக்காது."

"நல்லா பேசற. சாயங்காலம் பசங்களாண்ட இதையே சொல்றேன். பசி அடங்கிடும்."

ஐயா, அந்தச் சொல் தங்களை எங்கே தைத்தது என்று நாங்கள் அருகில் நின்று பார்த்தோம். முகம் வெளுத்தது. கை மட்டும் பலகைப் பக்கம் போகவில்லை.

அதிகாரி வந்தார். நேராகப் பலகை முன் நின்றார். படித்தார். திரும்பித் தங்களைப் பார்த்து, இதுதான் உங்கள் தொழிற்சாலையின் இன்றைய நிலையா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்தக் கணத்தில் லேத்துகள்கூட மூச்சை அடக்கின என்று தோன்றியது! தாங்கள் தலை நிமிர்ந்து ஆங்கிலத்திலேயே சொன்னீர்கள்: "எண் எங்களுடையது, ஐயா. சொல் உங்களுடையது." பிறகு அந்த வழக்கத்தையும் சட்டத்தையும் விளக்கினீர்கள். உதாரணம் இன்னும் கிடைக்கவில்லையா என்று அவர் கேட்டதைத் தமிழில் எங்களிடம் திருப்பினீர்கள்.

அப்போதுதான் கங்கம்மாவின் குரல் கணீரென்று எழுந்தது.

"இப்பதான் கெடச்சுது சார்! காலையிலேர்ந்து நம்ம மேனேஜர் சார், மாலைய எங்க வெச்சோம்னு தேடிக்கினு, வெள்ளக்காரருக்கு வெச்ச காபிய லேத்துக்காரனாண்ட குட்த்துட்டு, நாற்காலிய இங்கயும் அங்கயும் தூக்கிக்கினு கீறாரே, அதான சார் இந்த சிக்ஸு செவனு?"

தாங்கள் மேலாளரைப் பார்த்தீர்கள். மேலாளர் வியர்வையைத் துடைத்தார். பிறகு, இதற்காக அவருக்கு இன்று கைதட்டியே ஆக வேண்டும், "மொழிபெயர்த்துச் சொல்லுங்க, ஒரு வார்த்தை விடாம" என்றார்! தாங்கள் சொன்னீர்கள். அதிகாரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அறை முழுக்கச் சிரித்தது. டஸ்டர் கங்கம்மாவின் கைக்குப் போயிற்று. அவர் சொல்லை அழித்தார். எண்ணுக்கு வந்ததும் கை நின்றது. தங்களைப் பார்த்தார். தொடாமல் டஸ்டரைக் கீழே வைத்தார்.

அதிகாரி அதைக் கவனித்தார். சிவப்புத் தொட்டியைத் திறக்கச் சொல்லிக் கழித்த சரக்கைப் பார்த்தார். தேறிய சரக்கில் ஒரு பெட்டியைத் தாமே பிரித்து, சாப்பிடவும் மறந்து, ஒவ்வொன்றாக அளந்தார். அதில் ஒன்றும் கழியவில்லை. ஆனாலும் ஆர்டர் உண்டா இல்லையா என்று சொல்லாமலே போய்விட்டார்.

பின்பு வந்த வாரங்கள்தான் கொடுமை. கங்கம்மா தங்களோடு பேசவில்லை. தாங்களும் தேநீர் குடிக்கும்போது ஜன்னல் பக்கமே திரும்பி நின்றீர்கள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அத்தனை தலையும் நிமிரும். வாசலில் நின்றவர்களில் சிலர் ஊத்துக்கோட்டைப் பக்கம் நடவுக்குப் போகத் தொடங்கினார்கள்.

பிறகு ஆர்டர் வந்தது! கேட்டதில் பாதிதான். அதோடு ஒரு நிபந்தனையும் வந்தது: ஒவ்வொரு பெட்டியிலும் அன்றைய பலகை எண்ணையும் எழுதி அனுப்ப வேண்டும். பாதி ஆர்டர் அடுத்த ஆண்டு முழுதாயிற்று, அதற்கடுத்து இரட்டிப்பாயிற்று. இரண்டாம் ஷிப்ட் தொடங்கியது. நடவுக்குப் போனவர்களைத் தேடித் தாங்களே பஸ் ஏறிப் போனீர்கள். நிரந்தர உத்தரவு வாங்கிய அன்று கங்கம்மா தங்கள் மேசைக்கு வந்து, "அன்னிக்கு நீ அழிச்சிருந்தா நான் சந்தோசப்பட்டிருப்பேன் நைனா. நல்லவேள, என்ன சந்தோசப்படுத்தல" என்றார். ஒன்பதாம் மேகத்தில் மிதப்பது என்றால் என்னவென்று அன்று எங்களுக்கு யாரும் உதாரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கள் முகத்தைப் பார்த்தோம்.

ஐயா! தாங்கள் தேநீர்க் குவளையைக் கூடக் கண்ணெதிரே தூக்கிப் பிடித்து, கோட்டுக்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பியவர். ஓவர்டைம் நாளில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியே நின்று பெட்டிகளைச் சரிபார்த்தவர். கோபத்தில் கத்தியிருக்கிறீர்கள், அடுத்த நாள் அதற்காக வெற்றிலை வாங்கி வந்திருக்கிறீர்கள். ஆங்கிலேயர் 'செகண்ட் டு நன்' என்பார்கள். எவருக்கும் இரண்டாமவர் இல்லை என்று பொருள். 'ஒன் இன் எ மில்லியன்' என்றும் சொல்வார்கள், பத்து லட்சத்தில் ஒருவர் என்று. திருவள்ளூர் தாலுகாவில் பத்து லட்சம் பேர் இல்லையே என்று தாங்கள் திருத்த எழுவீர்கள். தயவுசெய்து உட்காருங்கள். வாயில் வரும் எண்ணை அளக்கக் கூடாது!

தாங்களும் பச்சையம்மா அம்மையாரும் உடல் நலமும் உள்ளக் களிப்பும் குன்றாமல், மருந்துக் கடைக்கு வழி மறந்து, பேரப்பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே பகல் தூக்கம் போட்டு, நூறு என்பதையும் வாயில் வரும் எண்ணாகவே வைத்துக்கொண்டு அதற்கு மேலும் வாழ வேண்டும் என்று அவரவர் சாமியிடம் வேண்டிக்கொள்கிறோம்.

இதோ, மூன்று மணிச் சங்கு ஊதப் போகிறது. ஊதியதும் இங்கே அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர், கங்கம்மாவும் மேரியும் முன்னால் போக, கைதட்டி முடிக்கக்கூட நில்லாமல் உள்ளே ஓடுவார்கள். மரியாதைக் குறைவு என்று எண்ணாதீர்கள், ஐயா. இரண்டாம் ஷிப்ட் இருக்கிறது, அதனால் ஓடுகிறார்கள்.

என்றும் தங்கள் அன்புள்ள,
முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட் பணியாளர்கள்
அருணோதயா வால்வுத் தொழிற்சாலை, காக்களூர்
டிசம்பர் 1977